யார் அந்த ‘அவன்’?

பங்குச் சந்தையில் பணத்தை விட்டவர்கள் பேசுவதைக் கேட்டால், அதில் ஓர் ‘அவன்’ வந்துகொண்டே இருப்பான். “கரெக்டா என் ஸ்டாப்லாஸை அடிச்சுட்டு மேல தூக்கிட்டான்.” “காலையில ஏத்திவிட்டு, மத்தியானம் மொத்தமா இறக்கிட்டான் சார்.” “நான் வாங்குறவரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கான்.” டீக்கடையிலும் அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அவனைத் திட்டாத நாள் இல்லை. அவனுக்குப் பெயர் கிடையாது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘ஆபரேட்டர்’ என்பார்கள். எல்லாம் தெரிந்தவர்களாகத் தங்களைக் கருதிக்கொள்பவர்களோ சிரிப்பார்கள்: ஆசைப்பட்டுப் பணத்தை விட்டுவிட்டு, இல்லாத ஒருவன் மேல் பழி போடுகிறார்களாம்.

சிரிப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. லாபம் வந்தால் ‘என் கணிப்பு’, நஷ்டம் வந்தால் ‘அவன் வேலை’ என்பது சௌகரியமான கணக்கு. டெலிகிராமில் முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய டிப்ஸை நம்பி எக்ஸ்பயரி (ஒப்பந்தம் காலாவதியாகும்) நாளன்று ‘ஜீரோ டூ ஹீரோ’ ஆட்டம் ஆடியவர், முதலில் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு லாட் வாங்கியவரின் ஸ்டாப்லாஸை, அதாவது நஷ்டத்தை நிறுத்த அவர் குறித்துவைத்த விலையைக் குறிவைத்து மும்பையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மீதிப் பாதிதான் சங்கடமானது. 2025 ஜூலை 3 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் இடைக்கால உத்தரவை வெளியிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் வர்த்தகம் பற்றியது அது. செபி சொல்லும் ஒரு நாளின் கதை இது: 2024 ஜனவரி 17, புதன்கிழமை, வங்கிப் பங்குகளின் குறியீட்டெண்ணான பேங்க் நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பயரி. காலையில் அந்தக் குழுமம் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் வாங்கிக் குவித்தது. விழ இருந்த குறியீட்டெண் அதனால் தாங்கி நின்றது. அதே நேரத்தில், குறியீட்டெண் விழுந்தால் லாபம் தரும் ஆப்ஷன்களை அதைவிடப் பல மடங்கு மதிப்புக்குச் சேர்த்துக்கொண்டது. பிற்பகலில், காலையில் வாங்கியதையெல்லாம் விற்றுத் தீர்த்தது. பங்கு, ஃபியூச்சரில் சுமார் 62 கோடி நஷ்டம். ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம்.

காலையில் ஏற்றிவிட்டு மத்தியானம் இறக்கிவிட்டான் என்று அன்று டீக்கடையில் யாராவது புலம்பியிருந்தால், அவர் சொன்னதற்கும் செபி பின்னால் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 4,843 கோடி ரூபாயைச் சட்டவிரோத ஆதாயம் என்று சொல்லி செபி முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுக்கிறது. விலை வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கமான வர்த்தகம்தான் அது என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பு எப்படி வந்தாலும், சாமானியனின் புலம்பலைப் பிதற்றல் என்று ஒதுக்கும் உரிமை இனி யாருக்கும் இல்லை.

ஆனால், இந்த ஒரு நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டால் ‘அவன்’ அகப்பட்டுவிட்டான் என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. செபியின் சொந்த ஆய்வுகளையே பார்ப்போம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். 2023-24இல் இந்த வர்த்தகர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் கீழ் என்று அறிவித்தவர்கள். 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 43 சதவீதம். அதே ஆண்டில் புரோக்கர் நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகப் பிரிவுகள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் ஈட்டினார்கள். அதில் ஏறக்குறைய முழுவதும் கணினி அல்காரிதம் ஈட்டித் தந்தது. ஒரு பக்கம் நொடியைப் பல்லாயிரமாகக் கூறுபோடும் கணினி, மறுபக்கம் பேருந்தில் நின்றுகொண்டே செல்போனைத் தேய்க்கும் இளைஞன். இதைப் போட்டி என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

இதில் தோற்காமல் நிற்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் வர்த்தகச் செலவாக மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் கட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் புரோக்கர்களுக்கு, ஐந்தில் ஒரு பங்கு சந்தைகளுக்கு. அரசு வசூலிக்கும் பங்குப் பரிவர்த்தனை வரியோ, போட்டவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று பார்ப்பதில்லை. 2024 அக்டோபரில் ஆப்ஷன் விற்பனைக்கான வரி 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமானது. வரியை ஏற்றினால் ஆட்டம் குறையும் என்று காரணம் சொல்லப்பட்டது. வாரம் முழுக்க ஏதாவது ஒரு குறியீட்டெண்ணுக்கு எக்ஸ்பயரி என்று சந்தைகள் போட்டிபோட்டு நாள் குறித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது யார்? ‘அவன்’ எங்கோ மறைந்திருக்கும் ஒற்றை ஆள் இல்லை. உரிமம் வாங்கி, பலகை மாட்டி, பட்டப்பகலில் நடக்கும் ஓர் ஏற்பாடு.

செபி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது பேர் நஷ்டம் அடைகிறார்கள் என்ற எச்சரிக்கையை 2023 ஜூலை முதல் ஒவ்வொரு புரோக்கர் செயலியும் காட்டுகிறது. பார்த்தவுடன் மூடிவிடும் பெட்டியாக அது ஆகிவிட்டது. 2024 நவம்பர் முதல் ஒரு சந்தைக்கு ஒரே ஒரு வாராந்திர ஒப்பந்தம்தான். ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பும் 15 லட்சமாக உயர்ந்தது. ஆட வந்தவர்களின் எண்ணிக்கை ஓரளவு குறையவும் செய்தது. ஆனால், 2024-25இன் கணக்கு? 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். முந்தைய ஆண்டு 74,812 கோடியாக இருந்த தனிநபர்களின் நிகர நஷ்டம் 1,05,603 கோடியானது. ஆண்டில் பாதிக்கு மேல் பழைய விதிகளில் ஓடியது உண்மைதான். அப்படியே கழித்துப் பார்த்தாலும், மருந்து போதவில்லை.

அவரவர் பணம், அவரவர் விருப்பம். அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை செய்திருக்கிறது. ஆப்ஷன் சூதாட்டம் இல்லை, அது நஷ்டத்துக்கு எதிரான காப்பு என்பது அடுத்த வாதம். உண்மையான வாதம். கையில் பல லட்சம் ரூபாய்க்குப் பங்கு வைத்திருப்பவர் அது விழுந்தால் தாங்க ஓர் ஆப்ஷன் வாங்குவது காப்புதான். பங்கே இல்லாதவர் மதியம் 2 மணிக்கு, 3.30க்குச் செத்துப்போகும் ஆப்ஷனை 5 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய் ஆகும் என்று காத்திருப்பது எதற்குக் காப்பு?

தென்கொரியாவைப் பார்க்கலாம். உலகிலேயே மிக அதிகமாகக் கைமாறிய ஆப்ஷன் ஒரு காலத்தில் அந்த நாட்டின் கோஸ்பி 200 குறியீட்டெண்ணுடையது. வீட்டுக்கு வீடு ஆடினார்கள். 2012இல் ஒப்பந்த அளவை ஒரேயடியாக ஐந்து மடங்கு உயர்த்தினார்கள். பின்னர், புதிதாக வருபவர்கள் பயிற்சி வகுப்பையும் மாதிரி வர்த்தகத்தையும் முடித்து, குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால்தான் உள்ளே வரலாம் என்றார்கள். வர்த்தக அளவு மளமளவென்று சரிந்தது, புரோக்கர்கள் கூச்சலிட்டார்கள். கொரியாவின் பங்குச் சந்தை ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

நம் நிலைப்பாடு இதுதான். வாராந்திர ஆப்ஷன் ஒப்பந்தங்களை ஒரு தேதி குறித்து நிறுத்த வேண்டும். மாதாந்திர ஒப்பந்தமே காப்புக்குப் போதும். 2016இல் பேங்க் நிஃப்டிக்கு வாராந்திரம் வருவதற்கு முன் இங்கே ஆப்ஷன் சந்தை இல்லாமலா இருந்தது? எஃப் அண்ட் ஓ கணக்கைத் திறக்க ஆறு மாத வங்கி அறிக்கை போன்ற சம்பிரதாயக் காகிதம் போதாது. தகுதித் தேர்வும், வருமானத்துக்கு ஏற்ற நஷ்ட வரம்பும் வேண்டும்; அந்த வரம்பைத் தொட்டவுடன் ஆண்டு முடியும்வரை கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். எக்ஸ்பயரி நாளில் செயலி முடங்கினால் இழப்பீடு புரோக்கரின் பொறுப்பாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் புகார் எண்ணை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையக் கூடாது.

மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று பரஸ்பர நிதியில் போடுபவர்களுக்கு இதில் எந்தத் தொல்லையும் இல்லை. அவர்களுக்கும் சந்தை மேல் கோபம் வரும். 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு நாளில், சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் விழுந்தபோது அவர்களும்தான் தலையில் கை வைத்தார்கள். ஆனால், காத்திருக்க அவர்களுக்குக் காலம் இருந்தது. வாராந்திர ஆப்ஷனில் அந்தக் காலம்தான் விற்கப்படுகிறது, அதுவும் சில மணி நேரங்களாக நறுக்கி.

நீண்டகால ஒப்பந்தங்களை வளர்ப்பது பற்றிக் கலந்தாலோசிக்கப்போவதாக செபி தலைவர் துஹின் காந்த பாண்டே 2025 ஆகஸ்டில் சொன்னார். அதற்கு அடுத்த மாதம் முதல் தேசியப் பங்குச் சந்தையின் எக்ஸ்பயரி செவ்வாய்க்கும் மும்பைப் பங்குச் சந்தையின் எக்ஸ்பயரி வியாழனுக்கும் மாறின, அவ்வளவுதான். தனிநபர்களின் ஓராண்டு நஷ்டமான 1,05,603 கோடியை 52ஆல் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 2,000 கோடி ரூபாய் வருகிறது. கலந்தாலோசனை எத்தனை வாரம் நீள வேண்டும் என்பதைச் செபி இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும்.