நியாயமான காலம் என்பது எத்தனை ஆண்டு?

புதுதில்லி: நோய் தணிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்கிறார் மருத்துவர். ஆனால், போவதற்கு வீடு இல்லை. இந்த ஒரு காரணத்துக்காக எவரையும் மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை என்பவை ஒருவரை அங்கேயே இருத்தி வைக்கும் காரணங்கள் ஆகா.

நடப்போ வேறு. 24 மாநிலங்களில் 43 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான அறிக்கையின்படி, அங்கிருந்தோரில் சுமார் 36 சதவீதத்தினர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தவர்கள்.

இச்சட்டம் பிறப்பதற்கு முன்பே நாட்டை உலுக்கியது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கு ஒரு மனநலக் காப்பகத்தில் மூண்ட தீயில் 28 பேர் மடிந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப இயலவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை விசாரித்தது. சங்கிலியால் பிணைப்பதை 2017-ம் ஆண்டுச் சட்டம் எவ்வகையிலும் கூடாதென்று தடை செய்தது. ஆனால், உற்றாரை அங்கு கொண்டுபோய் விட்டவர்கள் அனைவரும் ஈரமற்றவர்கள் அல்லர். பலருக்கு வேறு போக்கிடம் இல்லை. சங்கிலியை அகற்றினால் மட்டும் போதாது. கூரையும் துணையும் வேண்டும்.

அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் போன்றவற்றை அரசு "நியாயமான காலத்துக்குள்" ஏற்படுத்த வேண்டும் என்கிறது அதே 19-வது பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-ல். அந்தக் காலம் எத்தனை ஆண்டு என்பதை மட்டும் நாடாளுமன்றம் சொல்லவில்லை.

வழி தெரியாமல் இல்லை. 1993-ல் சென்னையில் தொடங்கப்பட்ட பேனியன் அமைப்பு, 2015 முதல் நீண்டகால நோயாளிகளை நான்கைந்து பேராக ஊருக்குள் வாடகை வீடுகளில் குடியமர்த்தி வருகிறது. உடனிருந்து உதவப் பணியாளர் உண்டு. சமையல், கடைத்தெரு, அண்டை வீட்டார் உறவு எல்லாம் உண்டு. இம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவியுள்ளது.

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று மத்திய அரசு ஒதுங்கிவிட முடியாது. தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான சத்தியவேட்டில் மனநலம் குன்றிய ஒருவர் ஆதரவின்றித் திரிகிறார் என வைத்துக்கொள்வோம். 100-வது பிரிவின்படி காவல்துறை அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடும்பத்தைத் தேட வேண்டும். குடும்பம் எல்லைக்கு இப்பால், ஊத்துக்கோட்டைப் பக்கம் இருந்து, ஏற்க மறுத்தால் அவருக்கு வீடு தருவது ஆந்திரமா, தமிழகமா? ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, அவர் மருத்துவமனைக் கட்டிலிலேயே முதுமை எய்துவார்.

இதற்கு முடிவு காண வேண்டிய இடம் தில்லி. எந்த மாநிலத்தில் எத்தனை இல்லங்கள் உள்ளன, தேசிய மனநலத் திட்டத்தில் அவற்றுக்கு எவ்வளவு நிதி என்ற கேள்விகளை இரு மாநில உறுப்பினர்களும் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும். "நியாயமான காலம்" என்ற சொற்களுக்கு எதிரே ஒரு தேதியை எழுதச் செய்யவும் வேண்டும். தேதி குறிக்காத வாக்குறுதி எந்த ஆட்சிக்கும் சுமையாவதில்லை. அதை நம்பிக் காத்திருப்பவர்களுக்கே சுமையாகிறது.