நத்தார்ச் சந்தையும் கண்டி நடைபாதையும்

2006 டிசெம்பரில், ஜெர்மனியில் வாழும் என் பள்ளித்தோழர் ஒருவர் என்னை நூரெம்பெர்க் நகரின் நத்தார்ச் சந்தைக்கு அழைத்துச் சென்றார். நகரின் நடுச் சதுக்கத்தில், பழைய தேவாலயத்தின் முன்னால், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணிக்கூரைகளுடன் மரக்கடைகள் வரிசையாக நின்றன. 1628ஆம் ஆண்டுக்குரிய சான்று கொண்ட சந்தை அது. காது மடல் மரத்துப்போகும் குளிர். சூடாக்கிய திராட்சை மதுவை ஒரு கோப்பையில் தந்தார்கள். கோப்பைக்கு வைப்புப் பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். பலர் கோப்பையையே நினைவுப் பொருளாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். நானும் அதையே செய்தேன். இன்று என் பேனைகள் அதற்குள்தான் நிற்கின்றன.

கோப்பையை முகத்தருகே கொண்டுபோனபோது ஒரு கணம் திகைத்தேன். மாத்தளையில் வாசனைத் திரவியக் கடையொன்றின் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. கறுவா, கராம்பு! பக்கத்துக் கடையில் விற்ற 'லெப்கூகன்' என்னும் தேன்பண்டத்தில் அவற்றோடு ஏலமும் சாதிக்காயும் சேர்ந்திருந்தன. நூரெம்பெர்க் இந்தப் பண்டத்துக்குப் பெயர் பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. சுற்றியிருந்த காடுகளில் தேன் கிடைத்தது. வெனிஸ் நகரோடு இருந்த வணிகத்தால் கீழைத்தேசச் சரக்கு வந்து சேர்ந்தது. கறுவாவுக்காக நம் கடற்கரையை முதலில் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் பிடித்தார்கள். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தான். பாடப்புத்தகத்தில் கசந்த அந்த வரலாறு, பனிக்குளிரில் கோப்பைக்குள்ளிருந்து இவ்வளவு இனிமையாக மணக்கும் என்று நான் எண்ணியதில்லை. நாம் வழங்கும் 'நத்தார்' என்ற சொல்லும் அந்தப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதுதான்.

ஆனால் அந்த மாலையில் என்னை உலுக்கியது வாசனை அன்று, கூட்டம்.

ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நடந்தார்கள். எவரும் எவரையும் சோதிக்கவில்லை. நானோ கண்டியிலிருந்து போனவன். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை முன்றலில் குண்டு வெடித்ததற்குப் பிறகு இந்த நகரில் தமிழராய் நடமாடுவது எப்படியிருந்தது என்பதை அக்காலத்தில் இங்கு வாழ்ந்தவர் அறிவர். 2006இல் போர் மீண்டும் மூண்டிருந்தது. சந்தைக்குப் புறப்படுமுன் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று இருமுறை தடவிப் பார்ப்போம். பஸ்ஸில் தமிழ் பேசும்போது குரல் தானாகவே தணிந்துவிடும். பிள்ளைக்கு ஒரு பலூன் வாங்கினாலும், எவ்வளவு விரைவில் வீடு திரும்பலாம் என்பதே எண்ணமாக இருக்கும். நூரெம்பெர்க் சதுக்கத்தில் என் கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போவதைக் கண்ட நண்பர், "பணத்தைத் தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

12 ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே நண்பரோடு மீண்டும் ஜெர்மனியின் சந்தைகளுக்குப் போனேன். மது அதேதான், மணமும் அதேதான். ஆனால் வாசல்களில் கொங்கிரீட் தடைகள், துப்பாக்கியேந்திய பொலிஸார். 2016 டிசெம்பரில் பேர்லின் சந்தைக்குள் லொறியொன்றைச் செலுத்தினான் ஒருவன். பின்னர் இறந்தவரையும் சேர்த்து 13 உயிர்கள் போயின. அந்த 2018 டிசெம்பரிலேயே ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐவர். 2024இல் மாக்டபூர்க். "இங்கேயும் இப்போது நம்மூர் மாதிரிதான்" என்றார் நண்பர். அப்போது நம் நாட்டில் நிலைமை ஓரளவு தேறியிருந்ததால் எனக்குச் சிறிது பெருமையாகக்கூட இருந்தது. நான்கே மாதங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அதற்குமேல் அதைப்பற்றி எழுத வேண்டியதில்லை.

இனிக் கண்டிக்கு வருகிறேன். 2023 டிசெம்பரில், நத்தாருக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், கண்டி மத்திய சந்தையிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமாக நடந்தேன். நடைபாதை எங்கும் விரிப்புகள். நட்சத்திரக் கூடுகள், பலூன்கள், சீனவெடிக் கட்டுகள், பஞ்சுத்தாடி ஒட்டிய நத்தார் தாத்தாக்கள். ஓரமாகச் சாய்த்து வைத்த சைப்பிரஸ் கொப்புகளிலிருந்து பச்சை வாடை எழுந்தது. மளிகைக் கடைகளில் கேக்குக்கான ரவை, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டுகள். சிங்களவர் 'புஹுல் தோசி' என்னும் இந்தப் பூசணி இல்லாத நத்தார் கேக் எனக்குக் கேக்கே அன்று. முட்டை விலையைக் கேட்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள், ஆனாலும் வாங்கினார்கள்.

சப்பாத்து விற்ற முஸ்லிம் இளைஞரிடம் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "நானா, ரெண்டு புள்ளைக்கும் சேத்து வாங்குறேன், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." இளைஞர் தமிழில் விலை சொன்னார், அடுத்து நின்றவருக்குச் சிங்களத்தில் அதே விலையைச் சொன்னார். அந்தப் பெண்மணி உரத்த குரலில், வீதியே கேட்கும்படி தமிழில் வாதாடினார். அவரது நெற்றியில் திருநீறு. பிள்ளைகளில் ஒருத்தியின் கையில் நட்சத்திரக் கூடு. தலதா மாளிகைக்கு அருகிலேயே பரிசுத்த பவுல் தேவாலயம் நிற்கும் ஊர் இது. கட்டுக்கலைப் பிள்ளையாரும் மீரா மக்காம் பள்ளிவாசலும் இங்கேதான். நத்தார்க் கூடு யாருக்கு உரியது என்று அந்தக் குழந்தையிடம் கேட்பார் யாருமில்லை.

புலம்பெயர்ந்த நம்மவர் டிசெம்பரில் ஐரோப்பியச் சந்தைகளில் எடுத்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். அழகான படங்கள், மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். அவர்களே விடுமுறைக்குக் கண்டிக்கு வந்தால் ஹோட்டலில் தங்கி, தலதா வீதியின் குளிரூட்டிய வணிக வளாகத்தில் பொருள் வாங்கிவிட்டு, "இங்கே நத்தார்க் களையே இல்லை" என்கிறார்கள். நடைபாதையில் தூசி என்பதும் நெரிசல் என்பதும் உண்மை. நடக்க இடமில்லை, கடைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. அந்த நெரிசலில் என் காலையும் மிதித்திருக்கிறார்கள். ஆனால் ஒழுங்கு என்ற பெயரில் இந்த விரிப்புகளை அகற்றிவிட்டுப் பஞ்சுப் பனியும் மரக்குடில்களுமாக ஒரு போலி நூரெம்பெர்க்கைக் கட்ட எவரேனும் முன்வந்தால் நான் எதிர்த்து எழுதுவேன். பனியில்லாத ஊருக்குப் பஞ்சுப் பனி எதற்கு? தோட்டத்துப் பெண்மணி அங்கே போய்ப் பேரம் பேச முடியுமா?

நூரெம்பெர்க்கில் நான் கண்டு ஏங்கியது பயமில்லாத கூட்டத்தை. அதை என் ஊரிலேயே காண எனக்குப் பல டிசெம்பர்கள் பிடித்தன. வெளிநாட்டிலிருந்து வருவோர் ஒரே ஒரு மாலை இந்த நடைபாதையில் நடந்து பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்.

அன்று திரும்பும் வழியில் மத்திய சந்தையில் கால் கிலோ கறுவாப்பட்டை வாங்கினேன், நண்பருக்கு அனுப்புவதற்காக. "ஜெர்மனிக்கா?" என்று கேட்ட கடைக்காரர், "அங்கேயும் எங்கட கறுவாதானே விற்கிறது?" என்று சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு பட்டையை மேலதிகமாகப் பொதியில் வைத்தார்.