முற்றத்தில் பூட்டிய வண்டி

மனிதரைப் பிடிக்கும் பித்துகள் பலவகை. ஒருவருக்குப் புறா வளர்க்கும் பித்து. மற்றொருவருக்கு முத்திரை சேர்க்கும் பித்து. எமது அயலவர் ஒருவரின் மகனைப் பிடித்ததோ மோட்டார் வண்டிப் பித்து. வண்டி வாங்கும் பித்தாக இருந்திருந்தால் இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வண்டியைத் தன் வீட்டு முற்றத்திலேயே, தன் கையாலேயே கட்டி முடிக்க வேண்டும் என்னும் பித்து அது.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய தந்தையார் எம்மைத் தேடி வந்தார். உவர்மலைச் சரிவில், உட்துறைமுகத்து நீர் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கையொன்றில் அவர் வீடும் எமது வீடும் அடுத்தடுத்து உள்ளன. துறைமுக அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் எழுதுவினைஞராயிருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாதவர். அன்று அதிர்ந்து பேசினார்.

"மாஸ்ரர், நீங்கள்தான் அவனுக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும். கட்டாரில் இரண்டு வருடம் வெயிலில் நின்று உழைத்த காசு. அதைக் கொண்டுவந்து பழைய இரும்புக்குள் கொட்டுகிறான். போன வருடம் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றவன் நான். என் வீட்டு முற்றத்தில் விளையாட்டுக் கார் செய்கிறானாம்! அதுவும் யாரோ வெள்ளைக்காரன் செய்த காரைப் பார்த்து! இன்னொருவன் செய்ததைப் பார்த்துச் செய்வதில் என்ன பெருமை? உங்களிடம் படித்தவன். நீங்கள் சொன்னால் கேட்பான்."

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதே எமது தொழில். மாதச் சம்பளமும் அதற்குத்தான் கிடைக்கிறது. ஆகவே மறுக்கவில்லை. சொல்லவேண்டியவற்றை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு அன்று மாலையே சென்றோம்.

வேப்பமரத்தடியில் நான்கு மரக்குற்றிகளின் மேல் சதுர இரும்புக் குழாய்களாலான சட்டம் ஒன்று கிடந்தது. அருகே ஒரு மொறிஸ் மைனர் கார், எஞ்சின் வேறு, அச்சு வேறு, கதவு வேறாகப் பிரிந்து கிடந்தது. கழற்றிய ஒவ்வோர் ஆணியும் பால்மாத் தகரங்களில் இடப்பட்டு, இன்ன இடத்துக்குரியது என்று சீட்டும் ஒட்டப்பட்டிருந்தது. பாடசாலையில் தன் புத்தகத்துக்கு ஒழுங்காக உறை போடாத பையன் அவன். அந்தச் சீட்டுகளைக் கண்டபோதே எமது வரிசையில் முதலாவது வாக்கியம் நழுவிவிட்டது.

"இது என்ன கார், தம்பி?" என்று கேட்டோம்.

அவன் சொன்ன கதையைச் சுருக்கித் தருகிறோம். கொலின் சப்மன் என்னும் ஆங்கில இளைஞர், இருபது வயதில், 1948ஆம் ஆண்டில், பழைய ஒஸ்ரின் செவின் கார் ஒன்றைப் பிரித்துத் தமக்கென ஒரு வண்டி கட்டினார். லோட்டஸ் என்னும் பெயர் பெற்ற வண்டிகளில் அதுவே முதலாவது. 1957இல் அவருடைய நிறுவனம் லோட்டஸ் செவின் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. கூரையில்லை, கதவில்லை, இரும்புக் குழாய்ச் சட்டமும் அலுமினியத் தகடுந்தான். நிறை ஏறத்தாழ 500 கிலோ. மொறிஸ் மைனரே 750 கிலோ அளவில் இருக்கிறது. பாரத்தைக் குறைத்தால் சிறிய எஞ்சினே போதும் என்பது அவர் கண்ட நியாயம்.

அக்காலத்து இங்கிலாந்தில் முழுமையான புதிய காருக்குக் கொள்வனவு வரி உண்டு. பகுதி பகுதியாகப் பெட்டியில் வாங்கி வீட்டிலே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே பலர் அதனைப் பாகங்களாகவே வாங்கி, கோடிப்புறத்துக் கொட்டில்களில் பூட்டினார்கள். இவ்வாறு விற்கும் தொகுதிக்குக் கிட் என்று பெயர். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச்சலுகை போய்விடுமாம். அதனால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து முதல்வரை படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் வழங்குகிறது. 1973இல் வரிமுறை மாறியது. அவ்வாண்டிலேயே அந்தக் காரைச் செய்யும் உரிமை கேற்றர்ஹாம் என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆயினும் வீட்டிலே கார் பூட்டும் வழக்கம் அங்கே அழியவில்லை. 1996இல் ரொன் சம்பியன் என்ற பாடசாலை ஆசிரியர், 250 பவுண் செலவிலேயே அத்தகைய வண்டியைக் கட்டலாம் என்று அளவுகளோடும் படங்களோடும் ஒரு நூல் எழுதினார். நம்மவன் கையில் இருந்தது அந்த வழியில் வந்த வரைபடந்தான்.

"ஆசிரியர் ஒருவரா எழுதினார்?" என்றோம். எமது வரிசையில் இரண்டாவது வாக்கியமும் போயிற்று.

"கிட் வாங்க எங்களால் முடியாது, சேர். வாகன இறக்குமதியையே நிறுத்தியிருக்கிறார்கள். வாங்க முடிந்தாலும் அந்தக் காசுக்கு நான் எங்கே போவேன்? இந்த மொறிஸ்தான் என் கிட்" என்றான்.

அவன் சொன்னது மெய். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 மாசியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நாட்டில் ஓடியவை எல்லாம் பழைய வண்டிகளே. பழையதை ஓடவைக்கும் கையும் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1990களில் மொறிஸ் மைனருக்குரிய தகடுகளும் பாகங்களும் இலங்கையிலே செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. பேரன் பாட்டிக்குப் பால் புகட்டிய கதை அது.

வெறுங்கையோடு திரும்பினோம். இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. இன்னொருவன் செய்ததைப் பார்த்துச் செய்வதில் என்ன பெருமை என்ற தந்தையாரின் கேள்வி மனத்தைக் குடைந்தது. நாம் தமிழ் படிப்பிக்கிறவர். நம் பழைய நூல்கள் எவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்தன? ஓலை செல்லரித்துப் போகுமுன் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துப் படியெடுத்தார். அவரைப் பார்த்து மற்றொருவர் எடுத்தார். படியெடுத்தவரை எவரும் போலி என்று இகழவில்லை. பொருள் அறிந்து எழுதியவரின் ஏடு பிழையின்றி இருந்தது. பொருள் அறியாமல் எழுத்தை மட்டும் பார்த்து எழுதியவரின் ஏட்டிலே பிழை மலிந்தது. குற்றம் படியெடுப்பதில் இல்லை. அறியாமல் எடுப்பதிலே இருக்கிறது.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறும் நினைவுக்கு வந்தது. இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர் அவர். நகரத்துக்குச் சென்று உணவுச்சாலையில் பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதை ஓடவிட்டு மகிழ்ந்ததோடு நில்லாமல், பிரித்துப் பிரித்துப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியதும், 1937இல் மின்மோட்டார் செய்ததும் பின்னால் வந்தவை. அவரும் முதலில் இன்னொருவர் செய்ததையே பிரித்தார்.

எமது வகுப்பறையையும் எண்ணிப் பார்த்தோம். இருபது ஆண்டுகளாக நாம் குறிப்புக் கொடுக்கிறோம். பிள்ளைகள் அதை எழுதிப் பரீட்சையில் ஒப்புவிக்கிறார்கள். அதுவும் ஒருவகைக் கிட்தான். இன்ன இடத்தில் இன்ன ஆணி என்று நாம் சொல்ல, அவர்கள் பூட்டிவிடுகிறார்கள். ஏன் அந்த ஆணி என்று கேட்பவரைக் காண்பது அரிது. முற்றத்தில் ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்க, அவனுக்கா நாம் புத்தி சொல்லச் சென்றோம்?

மறுநாள் தந்தையாரிடம் உண்மையைச் சொன்னோம். "தடுக்கும் வார்த்தை எம்மிடம் இல்லை. ஆனால் ஒன்று. அவன் ஏறி ஓட்டுமுன் விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது." அவர் பதில் பேசாமல் எழுந்து போனார். அதன்பின் பல மாதங்களாகத் தந்தையும் மகனும் முற்றத்தின் இரு கரைகளில் வாழ்ந்தார்கள். தாயார் மட்டும் இருவருக்கும் தனித்தனியே தேநீர் கொண்டுசென்றார்.

2024 சித்திரையில் வண்டி உருவம் பெற்றது. கோட்டையிலிருந்து உலாவரும் மான்கள் இரண்டு ஒருநாள் வேலிக்கப்பால் நின்று அதனை உற்று நோக்கியதை எமது கண்ணால் கண்டோம். விஷயம் தெரிந்தவரைத் தேடி ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். அவருடைய தந்தையார் பிரித்தானியக் கடற்படையின் பட்டறையில், 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்து வெளியேறும்வரை, பிற்றராக இருந்தவர். மகனும் அதே தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர்.

பெரியவர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு வெல்டிங்காகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஆசனப் பட்டி பூட்டும் தாங்கியருகே நின்றார். நீண்ட குழாய் ஒன்றைக் கொடுத்து நெம்பினார். ஒட்டு பட்டென்று விட்டுவிட்டது.

"தம்பி, மேலே வடிவாய்த்தான் இருக்கிறது. உள்ளே இரும்பு இரும்போடு சேரவில்லை. சூடு காணாது. இது மாதிரி இன்னும் நாலு இருக்கிறது. வெட்டிப்போட்டுத் திரும்பச் செய்" என்றார்.

பையனின் முகம் கறுத்தது. எனினும் வாதாடவில்லை. அன்று மாலையே வெட்டினான். ஒரு மாதம் மீண்டும் உழைத்தான். பெரியவர் திரும்பி வந்து அத்தனை இடத்தையும் நெம்பிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அப்போதும் அவர் பாராட்டவில்லை. "இனிப் பிறேக்கைப் பார்ப்பம்" என்றார். அதுவே பாராட்டு.

பிறேக் வேலை ஒருவரால் முடிவதன்று. குழாயில் எண்ணெயோடு காற்று இருந்தால், மிதிக்கும்போது காற்று நசியுமேயன்றிச் சக்கரம் நிற்காது. காற்றை வெளியேற்ற ஒருவர் ஆசனத்தில் இருந்து மிதிக்கவேண்டும். மற்றவர் சக்கரத்தருகே படுத்துச் சிறு ஆணியைத் திறந்து, காற்றுக் குமிழிகள் எண்ணெயோடு வெளிவந்ததும் மூடவேண்டும். மூடும்வரை மிதித்தவர் காலை எடுக்கலாகாது. எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

பெரியவருக்கு முழங்கால் வருத்தம். எமது உடம்போ அந்தச் சிறிய ஆசனத்துக்குள் அடங்காது. பையன் சக்கரத்தருகே ஸ்பனரோடு படுத்திருந்தான். யார் மிதிப்பது என்று நாம் சுற்றுமுற்றும் பார்த்தோம். விறாந்தையில் பத்திரிகை வாசிப்பதுபோல் இருந்த தந்தையார் எழுந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஆசனத்தில் இருந்தார்.

"மிதியுங்கோ அப்பா."

"மிதித்தேன்."

"பிடியுங்கோ. காலை எடுக்கவேண்டாம்."

"எடுக்கவில்லை."

"விடுங்கோ."

பதினைந்து மாதங்களில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி நாம் கேட்ட முதற் பேச்சு அது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரு மணி நேரம் சென்றது. கடைசிச் சக்கரத்தில், "இப்போது கல்லுப்போல் இருக்கிறது" என்று தந்தையாரே சொன்னார்.

ஆனி மாதத்தில் நிலாவெளிப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில், உடையவரின் அனுமதியோடு, வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். பதிவில்லாத வண்டியைப் பொதுவீதியில் ஓட்டுவது குற்றம் என்பதை அவன் அறிவான். லொறியில் ஏற்றியே அங்கு கொண்டு சென்றான். இங்கிலாந்தில் இவ்வாறு கட்டிய வண்டியைத் தனித்தனியே பரிசோதித்து வீதிக்கு அனுமதிக்கும் ஒழுங்கு இருக்கிறது. முறையாகப் பரிசோதித்து, தகுதியுள்ளதை ஏற்று, தகுதியற்றதை வெட்டச் சொல்லும் வழி நம் நாட்டிலும் இலகுவாய்த் திறந்திருக்குமானால், இத்தகைய கைகள் எத்தனையோ வெளிச்சத்துக்கு வரும். பெரியவரின் சுத்தியலைப்போல் அது கண்டிப்பாகவும் இருக்கவேண்டும்.

இரு தென்னை வரிசைக்கு நடுவே நூறு யார் தூரம் வண்டி ஓடியது. நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. தாயார் கைகூப்பிக் கும்பிட்டார். தந்தையார் நடந்து சென்று, வண்டி நின்ற இடத்துக்கும் எதிரிலிருந்த மரத்துக்கும் உள்ள தூரத்தைக் காலடியால் அளந்தார். "பதினெட்டு அடி மிச்சம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவ்வாண்டு ஆவணியில் மகன் மீண்டும் கட்டாருக்குச் சென்றான். முன்னர் சுமை தூக்கச் சென்றவன், இம்முறை ஒரு வாகனப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். கார் கட்டியதால்தான் அந்த வேலை கிடைத்தது என்று நாம் சொல்லமாட்டோம். நேர்முகத்தில் அதன் படங்களைக் காட்டினான் என்பது மட்டும் எமக்குத் தெரியும்.

வண்டி இன்றும் வேப்பமரத்தடியில் படங்கு போர்த்தியபடி நிற்கிறது. ஞாயிறுதோறும் காலையில் தந்தையார் படங்கை விலக்கி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறேக் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்து, மறுபடி மூடுகிறார். ஒருநாள் வேலியோரம் நின்ற எம்மைக் கண்டு, கேளாமலே விளக்கம் தந்தார்: "சும்மா நிற்க விட்டால் பழுதாகிவிடும், மாஸ்ரர்."

பெற்றோராகிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வீட்டிலே ஏதேனும் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தால், ஏசுமுன், கழற்றிய ஆணிகளை அவன் எப்படி வைத்திருக்கிறான் என்று பாருங்கள். ஒழுங்காக வைத்திருந்தானாயின், அவன் விளையாடவில்லை, படிக்கிறான். வேலையறிந்த ஒருவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். மிதிப்பதற்கு ஓர் ஆள் தேவைப்படும் நேரமும் வரும். அப்போது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து செல்லுங்கள்.