கணக்கைக் காட்டாத புது மேஸ்திரி



மேஸ்திரியின் நோட்டு நமக்குத் தெரியும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு அட்வான்ஸ், எதற்குப் பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். நாம் பார்க்க முடியாது. கேட்டால், "கணக்கு சரியாத்தான் இருக்கு, போய்யா" என்பான். இன்று அதே பதிலைச் சொல்ல ஒரு புது மேஸ்திரி வந்திருக்கிறான். அவன் பெயர் செயற்கை நுண்ணறிவு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. கேட்டவுடன் கடிதம் எழுதும், படம் வரையும், மனுக்களைப் படித்துச் சுருக்கம் சொல்லும். நம் பிள்ளைகளின் கைப்பேசி வரை வந்துவிட்டது. "எந்திரத்துக்குச் சாதியில்லை, பாரபட்சமில்லை" என்று பிரசாரமும் நடக்கிறது.

பொய்! எந்திரத்துக்குச் சொந்தப் புத்தி ஏது? மனிதர்கள் எழுதிக் குவித்த கோடானுகோடிப் பக்கங்களை விழுங்கி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போடுகிறது. அந்தப் பக்கங்களை எழுதியவர் யார்? எழுத வாய்ப்புக் கிடைத்தவர். சாக்கடையில் இறங்கியவன் எழுதவில்லை. அவனைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். அவர்கள் மனத்து அழுக்கும் சேர்ந்தே எந்திரத்துக்குள் போயிற்று.

சான்று வேண்டுமா? 2025-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ ஏடு, ஜிபிடி-5 எந்திரத்திடம் விடுபட்ட இடங்களை நிரப்பச் சொல்லிச் சோதித்தது. புத்திசாலி யார் என்ற இடத்தில் பிராமணரையும், சாக்கடை சுத்தம் செய்பவர் என்ற இடத்தில் தலித்தையும் நிரப்பியது எந்திரம்! நாலு வருணத்தை நம் முதுகிலிருந்து இறக்கப் போராடிக்கொண்டிருக்கிறோம்; இவர்கள் அதைக் கம்பியில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

"உலகம் அப்படி, எந்திரம் வெறும் கண்ணாடி" என்பார்கள் சில மேதாவிகள். அதுவும் பொய். 2023-ல் புளூம்பெர்க் நிறுவனம் ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற பட எந்திரத்தைச் சோதித்தது. அமெரிக்க நீதிபதிகளில் 100-க்கு 34 பேர் பெண்கள். எந்திரம் வரைந்த நீதிபதிகளிலோ 100-க்கு 3 பேர்தான் பெண்கள்! இது கண்ணாடியா? இருக்கும் அநீதியைப் பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி.

சரி, எந்தப் பக்கங்களை ஊட்டினீர்கள் என்று கேட்டால்? 2023-ல் ஜிபிடி-4 வெளிவந்தபோது, போட்டியைக் காரணம் காட்டி அந்த விவரத்தைச் சொல்ல மறுத்தது நிறுவனம். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 நிறுவனங்களின் வெளிப்படைத்தன்மைக்கு மதிப்பெண் போட்டார்கள். முதலில் வந்தவருக்கே 100-க்கு 54, சராசரி 37!

1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தபோது அது என்ன சொன்னது? கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எழுதிய பாஸ் புத்தகம் தொழிலாளி கையில் இருக்க வேண்டும். அதுவும் அவன் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. பல காண்ட்ராக்டர்கள் ஏமாற்றினார்கள். ஆனாலும் நியாயம் அதில் இருந்தது. உன்னைப் பற்றிய கணக்கு உனக்குத் தெரிய வேண்டும்!

அதே நியாயத்தை இந்த எந்திரத்திடமும் கேட்போம். நம் மனுவை எந்திரம் பார்த்தால், பார்த்தது என்று சொல். தள்ளினால், காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடு. முறையிட ஒரு மனிதனை நிறுத்து. ஊட்டிய சரக்கு எதுவென்று வெளியிடு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டமே இயற்றியது. இங்கோ 2025 நவம்பரில் ஒன்றிய அரசு தந்தது வெறும் வழிகாட்டு நெறிகள். நெறியை மீறினால் யார் கேட்பது?

எந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. நோட்டைத் திற என்கிறோம். சங்கக் கூட்டங்களில் பேசுங்கள், பிள்ளைகளிடம் விளக்குங்கள். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று எவன் சொன்னாலும் தலைகுனிந்து திரும்பாதீர்கள்.

கணக்கைக் காட்டு என்று கேளுங்கள்!