கரன்ட்டைக் குடிச்சது யாரு?

வாழப்பாடியில பஸ் ஏறும்போது லேப்டாப் ஃபுல் சார்ஜ். மடியில வச்சு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தட்டிக்கிட்டே வந்தீங்க. சேலத்துல இறங்குறதுக்குள்ள 'பேட்டரி லோ'! உடனே, "பேட்டரி போச்சு"னு அப்பாகிட்ட காசு கேட்டு நிக்காதீங்க பாஸ். முதல்ல திருடனைப் பிடிங்க.

ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனி மீட்டர் கிடையாது. நாலு குடித்தனத்துக்கு ஒரே ஈ.பி. மீட்டர் இருக்கிற கதைதான். 2011-ல் வந்த 'சாண்டி பிரிட்ஜ்' ப்ராசஸர்களிலிருந்து இன்டெல் சிப்புக்குள்ளேயே கணக்கு இருக்கு. ஆனா அது சொல்றது மொத்த பில். எந்த சாஃப்ட்வேர் ப்ராசஸரை எவ்வளவு நேரம் ஓட்டிச்சு, தூங்கவிடாம எத்தனை தடவை எழுப்பிச்சுனு பார்த்துத்தான் பங்கு பிரிக்கணும். அதனால வர்ற எண் எல்லாமே மதிப்பீடுதான்.

லினக்ஸ் வச்சிருக்கீங்களா? 2007-ல் இன்டெல் வெளியிட்ட 'பவர்டாப்' இலவசம். விண்டோஸ் 10, 11-னா, டாஸ்க் மேனேஜர்ல 'பவர் யூசேஜ்'னு ஒரு பத்தி இருக்கும். 'வெரி லோ'விலிருந்து 'வெரி ஹை' வரை காட்டிக்கொடுத்துடும். சும்மா கிடக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டே, ராத்திரியெல்லாம் கதவைத் தட்டுற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ப்ராசஸரை எழுப்புற ஆசாமிதான் நாம தேடுற ஆள்.

எல்லாத்தையும் மூடியும் சார்ஜ் இறங்குதா? விண்டோஸ்ல 'பேட்டரி ரிப்போர்ட்' எடுங்க. புதுசுல இருந்த கொள்ளளவு, இப்போ நிரம்புற அளவு ரெண்டும் அதுல இருக்கும். ரெண்டாவது பாதிக்கும் கீழேன்னா, பேட்டரிதான் குற்றவாளி. அப்புறம் தைரியமா அப்பாகிட்ட போங்க... ரிப்போர்ட்டோட!