வீடூர் அணை நிரம்பிடுச்சா? தூண்டிலை எங்கே போடலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடூர் அணை நிரம்பினால், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துத் தூண்டில்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். 1959-ல் கட்டிய அணை. முழு உயரம் 32 அடி. நிறைந்த தண்ணீரில் மீன் எங்கே என்பதுதான் கேள்வி.

* கரையோரம் பாருங்க: நீர் ஏறும்போது காய்ந்து கிடந்த புல்லும் புதரும் மூழ்கும். புழு, பூச்சி, தவளை தேடி விரால் அங்கேதான் வரும். நடு அணைக்கு வீசிக் கையை நோகடிக்க வேண்டாம்.

* கலங்கலா? மண்புழு: செந்நீரில் மீனுக்குக் கண் தெரியாது, மோப்பம்தான் வழி. விரால், கெளுத்திக்கு மண்புழு. கெண்டைக்குக் கடலைப் புண்ணாக்கு கலந்த மாவு உருண்டை.

* தெளிஞ்சதும் தவளை: விரால் மூச்சு வாங்க மேலே வரும். நீர் வளையம் தெரிந்த இடத்தைத் தாண்டி ரப்பர் தவளையை வீசி, மெதுவாக இழுங்க.

* சிவப்புக் குஞ்சுக் கூட்டமா? விட்டுடுங்க: அடியில் தாய், தகப்பன் விரால் காவல் நிற்கும். சுலபமாகக் கடிக்கும். ஆனால் அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அடுத்த வருஷ விரால் அதுதானே!

* ஷட்டர் பக்கம் போகாதீங்க: 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அணை திறக்க, சங்கராபரணியில் வெள்ளம் பாய்ந்தது. சங்கு ஊதினாலோ, தண்டோரா கேட்டாலோ தூண்டிலைச் சுருட்டிவிட்டு மேடேறுங்க.

கிளம்பும் முன் மீன்பிடிக்க அனுமதி உண்டா என்று மீன்வளத் துறையில் கேட்டுக்கோங்க. குழம்புக்கு மீன் கடையிலும் கிடைக்கும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கதான் வேணும்.