மாத்திரையை ஒளிக்கும் விசுவாசம்

சென்ற தவக்காலத்தில், ஞாயிறு திருப்பலியின் நடுவே இளம்பெண் ஒருத்தி வலிப்பு கண்டு விழுந்தாள். நால்வர் ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தனர். ஒருவர் தீர்த்தம் தெளித்தார். "பேயாக இருக்குமோ?" என்ற முணுமுணுப்பு பீடம்வரை கேட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் நுழைக்காமல், வலிப்பு அடங்கும்வரை அருகிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதை அறிந்தவர் அக்கூட்டத்தில் இல்லை.

மாலையில் அவள் தாய் வந்து அழுதார். மூன்றாண்டுகளாக வலிப்பே வந்ததில்லையாம். குணமளிக்கும் கூட்டமொன்றில், விசுவாசிக்கு மாத்திரை எதற்கு என்று போதித்தார்களாம், நிறுத்திவிட்டார்களாம். "வெளியே சொல்லிடாதீங்க சாமி, பொண்ணு பார்க்க வர்றாங்க" என்றார்.

மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிரையே பறிக்கக்கூடும். செபம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நானும் நோயாளிகள்மீது கைவைத்துச் செபிப்பவன்தான். ஆனால் மேடையேறி மாத்திரையைப் பழிப்போரைக் கேட்கிறேன்: மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்னும் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் உங்கள் விவிலியத்தில் இல்லையா? மாற்கு 9-ஆம் அதிகாரத்தைக் காட்டுவீர்கள். அங்கே இயேசு அச்சிறுவனின் தந்தையிடம், எவ்வளவு காலமாக இப்படி என்று மருத்துவரைப் போல விசாரிக்கிறாரே! நீங்கள் அதையாவது விசாரித்தீர்களா?

திருச்சபையும் குற்றமற்றதன்று. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, வலிப்புற்றோரைப் பேய்பிடித்தோருடன் சேர்த்தெண்ணிக் குருப்பட்டத்திலிருந்து விலக்கியது. 1983-இன் தொகுப்பில் அத்தடை இல்லை. நாட்டிலும், இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் இரண்டிலிருந்தும் 1999-இல் வலிப்பு என்ற சொல் அகற்றப்பட்டது. நம் வீட்டுத் திண்ணைகளுக்கு மட்டும் இச்செய்தி எட்டவில்லை.

முறையாக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம். வேளை தவறாத மாத்திரை, கெடாத உறக்கம், கிணற்றில் தனியே இறங்காத எச்சரிக்கை ஆகியவற்றை நோயாளிகள் பழகிக்கொள்கிறார்கள். ஒளிப்பதைத்தான் பழக முடிவதில்லை. அட்டையைச் சேலை மடிப்புக்குள் மறைத்து, விருந்தினர் தங்கும் இரவில் விழுங்காமல் விட்டு, மறுநாள் அவர்கள் முன்னாலேயே விழுகிறாள் மகள்! வஞ்சித்துப் பெற்ற சம்மதம் திருமணத்தையே செல்லாததாக்கக்கூடும் என்பதையும் (சட்டம் 1098) பெற்றோர் அறிய வேண்டும்.

அத்தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். மகள் மீண்டும் மருந்துண்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது தாய் உண்மையைக் கூறினார். அவர்கள் காப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். நம் பங்குக் குடும்பம்தான். அடுத்த ஞாயிறும் முதல் வரிசையில் நின்று நற்கருணை வாங்கினார்கள்.